வாசலில் கழற்றி வைத்த கால்

1

யார்டின் கேட் பின்னால் மூடுகிற சத்தம் கேட்டபோது, வரிசையாக நிற்கும் லாரிகளில் பாதியைக் கடந்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் பை, கையில் ஹெல்மெட். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். இனி கொடுக்கப் போவதும் இல்லை.

ஷார்ஜாவின் இந்தப் பக்கத்தில் மனிதர் நடப்பதற்கென்று பாதை கிடையாது. லாரிக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள மணலில்தான் நடக்க வேண்டும். வலது கால் நடக்கிறது. இடது கால் கூடவே வருகிறது, விருப்பமில்லாத வீட்டுக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போகும் பிள்ளையைப் போல. முன்னால் வைக்க முடிகிறது, ஊன்ற முடிகிறது. பின்னால் உந்தித் தள்ள மட்டும் அதனால் முடியாது.

கொஞ்சம் முன்னால் உள்ளே நடந்தது இவ்வளவுதான். பஞ்சாப்காரரான எங்கள் ஃபோர்மேன், "இடது காலில் மட்டும் நில். குதியைத் தூக்கு" என்றார். சுவரில் ஒரு விரலை வைத்துக்கொண்டு தூக்கிப் பார்த்தேன். உடம்பு முழுக்க முயன்றது. தோள் உயர்ந்தது, புருவம்கூட உயர்ந்தது. குதி மட்டும் தரையிலேயே கிடந்தது. ஆபீஸ் பெண் அதைப் போனில் படம் பிடித்தாள். எதற்கு என்று கேட்டேன். "இன்சூரன்ஸுக்கு" என்றாள். எத்தனையோ வருடம் எனக்கு மேலதிகாரியாக இருந்த ஃபோர்மேன் அந்த நேரத்தில் சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

சாரம் கட்டுகிறவன் குழாயின் மேல் முன்பாதத்தில் நிற்பவன். குதி உயராதவனுக்கு அந்த வேலை இல்லை. விசா ரத்தாகும் முன் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

போன வருடம் இதே வெயில் காலத்தில்தான் கால் போனது. ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் அன்றிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஆபரேஷன் செய்ததால் இப்படி ஆனதா, செய்யாததால் இப்படி ஆனதா? இரண்டையும் ஒரே காலில் செய்து பார்த்தவன் என்பதால் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது.

2

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் வாழையும் நெல்லும் போடுகிற வீடு. நிலத்தில் நிற்கப் பொறுக்காமல் போனேன். குலசேகரத்தில் ரப்பர் பால் எடுத்தேன், கொச்சியில் ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன், மும்பையில் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தேன், பிறகு சவூதி, பிறகு இங்கே. எங்கேயும் பெரிதாகக் கெடவில்லை, பெரிதாக உருப்படவும் இல்லை. உயரத்தில் ஏறப் பயமில்லை என்பது மட்டுமே என் படிப்பு.

அன்றைக்கு நான் உயரத்தில்கூட இல்லை. தரையில் நின்றபடி லாரியின் பலகையில் ஏறுவதற்காக இடது காலை உந்தினேன். கட்டுக்கம்பி தெறித்ததுபோல ஒரு சத்தம். பின்னாலிருந்து யாரோ பூட்ஸ் காலால் என் குதிக்கு மேலே ஓங்கி உதைத்ததுபோல ஒரு அடி. விழுந்து, திரும்பி, எனக்குத் தெரிந்த இந்திக் கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் எடுத்து முன்னாவின் மேல் எறிந்தேன். முன்னா பீகார்க்காரன், என் கூட்டாளி. அவன் தூரத்தில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் டம்ளரோடு நின்றான். இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "பாய், நான் இங்கேயல்லவா இருக்கிறேன்?" என்றான்.

என் பின்னால் யாரும் இல்லை. எனக்கு முதுகு சில்லிட்டது வலியால் அல்ல, அதைப் பார்த்துத்தான்.

குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரித் தடித்து நிற்குமே, அது அறுந்திருந்தது. நம் ஊரில் அதையும் நரம்பு என்போம். கிளினிக்கில் இருந்த பிலிப்பினோ நர்ஸிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "நெர்வ் கட்" என்றேன். அவள் பயந்துபோய், குண்டூசி கொண்டுவந்து என் விரல்களில் எல்லாம் குத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டாள். எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

டாக்டர் மலையாளி. மலையாள எல்லையில் இருக்கிற எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்தால் பாதி வலி குறையும். குப்புறப் படுக்கச் சொல்லி வலது காலின் கெண்டைச் சதையை அமுக்கினார், பாதம் அசைந்தது. இடது காலில் அமுக்கினார். பாதம் செத்த மீன்போலக் கிடந்தது. குதிக்கு மேலே விரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று. அங்கே ஒரு பள்ளம்.

"இது நரம்பு இல்லை, சதையை எலும்போடு கட்டுகிற நாண்" என்றார். "இரண்டு வழி இருக்கிறது. கீறி, முனைகளைப் பிடித்துத் தைக்கலாம். தைக்காமல், ஒரு பூட்ஸ் மாட்டிப் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி வைத்தால் முனைகள் நெருங்கும், தானாக ஒட்டும்."

"எது நல்லது?"

"தைத்தால் மறுபடி அறுந்துபோவது கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த இடத்தில் தோலுக்கு அடியில் சதை கிடையாது. புண் ஆறாமல் இழுக்கலாம், சீழ் வைக்கலாம், ஓரத்தில் மரத்துப் போகலாம். தைக்காவிட்டால் அந்தத் தொல்லை இல்லை; மறுபடி அறுவதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பூட்ஸை ஒழுங்காகப் போட்டு, சொல்கிற பயிற்சியைச் செய்தால் கடைசியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நீ உடனே வந்துவிட்டாய், முனைகளும் நெருங்குகின்றன. உனக்குப் பூட்ஸ் போதும்."

"சாரத்தில் ஏற முடியுமா, சாரே?"

"மாதக்கணக்கில் ஆகும். முடியும் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்ய மாட்டேன்."

அந்த மனிதர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று இப்போது தெரியும். அன்றைக்கு நான் நம்பவில்லை. எங்களைப் போன்றவர்களிடம் யாராவது சுலபமான வழியைச் சொன்னால், அதில் கம்பெனிக்கு லாபம் இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும்.

தொழிலாளர் கேம்பில் எங்கள் அறையில் ஸ்டீபன் அதையே சொன்னான். இனயத்துக்காரன், கடலில் போய்க்கொண்டிருந்தவன், இங்கே பைப் ஃபிட்டர். என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவனுடையது.

"லேய் மக்கா, கீறுன வலைய தைக்காத கடல்ல எறிஞ்சா மீனு கேறுமா? அவனுவ ஒன்ன ஏமாத்தப் பாக்கானுவ. ஆப்பரேசன் செய்யச் சொல்லி சண்ட போடு."

"டாக்டரு ஒட்டும்னு சொல்லுதாரு."

"ஒட்டதுக்கு அதென்ன போஸ்டரா?"

3

பூட்ஸ் என்றால் மழைக்குப் போடுவது அல்ல. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும் பிளாஸ்டிக் கூடு. நாலைந்து பட்டைகள், அடியில் ரப்பர். உள்ளே குதிக்குக் கீழே ஆப்பு மாதிரித் துண்டுகளை அடுக்கி வைப்பார்கள், பாதம் கீழ்நோக்கியே இருப்பதற்கு. வாரங்கள் போகப் போக ஒவ்வொரு துண்டாக எடுப்பார்கள். அவ்வளவுதான் வைத்தியம். கத்தி இல்லை, மருந்து இல்லை. போட்டிருக்க வேண்டும்.

"நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் இது காலில் இருக்கணும். தூங்கும்போதும்" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன்.

இன்சூரன்ஸில் அதற்கு ஒப்புதல் தரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இது காலணி" என்றார். "காலணி எங்கள் திட்டத்தில் வராது. உங்கள் கம்பெனி ஏற்கனவே உங்களுக்குச் சேஃப்டி ஷூ கொடுத்திருக்கிறதே?"

ஊன்றுகோலில் தொங்கிக்கொண்டு நின்றவனிடம் அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று கொஞ்சநேரம் முகத்தையே பார்த்தேன். அவருக்குப் பசி நேரம். அடுத்த டோக்கனை அழுத்திவிட்டார்.

கடைசியில் பூட்ஸை ஸ்டீபன்தான் கொண்டுவந்தான். பக்கத்து கேம்பில் பெஷாவர்க்கார டிரைவர் ஒருவர் கணுக்கால் உடைந்தபோது போட்டது, கட்டிலுக்கு அடியில் கிடந்ததாம். உள்ளே அவருடைய வியர்வை காய்ந்து புளித்த நாற்றம். பட்டையில் அவருடைய முடி ஒட்டியிருந்தது. குதிக்கு அடியில் வைக்கிற துண்டுகளை மட்டும் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். என் கால் அந்த நாற்றத்துக்குள் இறங்கியபோது மூக்கைப் பொத்திக்கொண்டேன். அன்று சாப்பிடவில்லை.

வேலை செய்யாதவனுக்கு கேம்பில் கட்டில் இல்லை, ஊருக்குப் போய் ஆறட்டும் என்று கம்பெனி டிக்கெட் போட்டது. விமான நிலையத்தில் சோதனை செய்யும் இடத்தில் பூட்ஸைக் கழற்றச் சொல்வார்கள் என்று பயந்தேன். இல்லை. ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, துணித் துண்டால் பூட்ஸைத் துடைத்து மிஷினில் காட்டிவிட்டு, போ என்றார்.

மனிதனை நம்பவே கூடாது என்று கட்டிய இடம் அது. ஷார்ஜாவிலிருந்து என் ஊர் வரை நான் கடந்த வாசல்களில், அந்த பூட்ஸைக் காலோடு உள்ளே விட்டது அந்த ஒரு இடம்தான்.

4

திருவனந்தபுரத்தில் இறங்கி, டாக்ஸியில் வீட்டு முன்னால் இறங்கினேன். என் அக்காளின் கணவர், அத்தான், வாசலில் நின்றார். எங்கள் சர்ச்சின் சபைக் கமிட்டியில் இருப்பவர். எதிலும் முதல் கருத்து அவருடையது.

"என்னடே, ஒத்தக்கால் பட்டாளமா?"

என் மனைவி கிறிஸ்டல் படிக்கு ஓடி வந்தாள். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காலைப் பார்த்தாள்.

"அய்யோ, ரோட்டு மண்ணு பூரா இதுல இருக்கே. இங்கன படியில உக்காருங்க, நான் கழட்டி விடுதேன்."

தரைக்கு அப்போதுதான் டைல்ஸ் போட்டிருந்தோம். நானே அனுப்பிய டைல்ஸ். அவள் மண்டியிட்டு ஒவ்வொரு பட்டையாக, எனக்கு வலிக்கக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவிழ்த்தாள். அத்தான் தோளைத் தாங்கினார். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பூட்ஸை வெளியே செருப்புகளின் வரிசையில் வைத்தார்கள். வெறுங்காலோடு என் வீட்டுக்குள் போனேன். செருப்புக் காலோடு வீட்டுக்குள் ஏறலாம் என்று எனக்கே தோன்றவில்லை. வாசலில் கழற்றுவது சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. கண்ணிமைப்பதுபோலக் கூடவே வளர்ந்தது.

முதலில் சுவரைப் பிடித்து நொண்டினேன். பிறகு பிடிக்காமல் நொண்டினேன். பிறகு நொண்டவும் இல்லை. இந்தக் காயத்தின் சதி அதுதான்: வலி சீக்கிரமாகப் போய்விடுகிறது. உள்ளே நூல்போல ஒட்ட ஆரம்பித்திருக்கும், வெளியே குணமாகிவிட்டதுபோல இருக்கும். அறையிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து குளியலறை. தெருவில் இறங்கும்போது மட்டும் மரியாதையாகப் பூட்ஸ். மற்ற நேரமெல்லாம் அது வெயிலில் கிடந்தது. தெருநாய் ஒன்று அதில் தலைவைத்துத் தூங்கியது.

பார்க்க வந்தவர்களைச் சொல்ல வேண்டும். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டு வருவார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும், கை கழுவினார்களோ இல்லையோ, அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து அமுக்கிப் பார்த்தார்கள். "ஆமா, குழிஞ்சுதான் இருக்கு" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் விரல் வரும். சந்தையில் மாம்பழம் அமுக்குவதுபோல. எனக்கு உடம்பெல்லாம் கூசும். அமுக்கிவிட்டு அதே கையால் ஆரஞ்சை உரித்து எனக்கே கொடுப்பார்கள்.

ஒருநாள் அத்தான் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய பாட்டிலில் கறுத்த எண்ணெய்.

"நரம்பு மேல சுருண்டு கெடக்கு" என்றார் ஆசான். "பைய தடவி எறக்கினா அதுக்க எடத்துல வந்து இருந்துக்கிடும்."

"வேண்டாம் ஆசானே. தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்டே, கல்ஃபுல உள்ள டாக்டரு சொன்னாத்தான் கேப்பியா? தைக்கவும் இல்ல, தடவவும் இல்ல. பின்ன என்னதாம்டே வைத்தியம் செய்யுத?"

"பூட்ஸ் போட்டிருக்கேன்லா?"

அவர்களை அனுப்பிவிட்டு, இந்த ஊரில் டாக்டர் பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்ற பெருமையோடு எழுந்து, வெறுங்காலில் நடந்து, அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

5

சர்ச்சில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மகள் பெனிட்டா சென்னையிலிருந்து வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். நான் வெளிநாட்டில் இருந்தே வளர்த்த பிள்ளை. என்னிடம் பேசுவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு மெசேஜ் அனுப்புவது அவளுக்குச் சுலபம்.

சர்ச் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நான் உட்கார்ந்து பட்டையை அவிழ்க்கும்போது அவள் போனிலிருந்து தலையை எடுத்தாள்.

"அப்பா, ரிமூவ் பண்ணாதீங்க. டாக்டர் சொல்லியிருக்கார்ல?"

அத்தான் பக்கத்தில் நின்றார். "ஏட்டி, நீ மெட்ராஸுல படிக்கங்கதுக்காக, சர்ச்சுக்க உள்ள செருப்போட கேறச் சொல்லுதியா?"

"செருப்பு இல்ல மாமா. மெடிக்கல் டிவைஸ்."

"அடியில ரப்பர் இருக்குல்லா? அப்பம் செருப்புதான்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இன்சூரன்ஸ்காரரும் என் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒரே ஆபீஸில் வேலை செய்கிறவர்கள்.

பெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் கடைசிப் பட்டையை இழுத்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் பின் வரிசையில் போய் உட்கார்ந்தாள். திருவிருந்து வாங்க முன்னால் எழுந்து வரவில்லை, இப்போதெல்லாம் வருவதில்லையாம். அதுவும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நான் முன்னால் போய், பீடத்தின் முன் உள்ள கம்பிக்கு அருகே மற்றவர்களோடு முழங்காலிட்டேன். அப்பம் வாங்கினேன், பாத்திரத்தில் குடித்தேன். எழுந்திருக்க இடது கால் விரல்களைத் தரையில் மடக்கி ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் ஏற்றினேன்.

அதே சத்தம். அதே உதை. இந்த முறை யாரையும் திட்டத் தோன்றவில்லை. இருந்தாலும் கழுத்து தானாகத் திரும்பியது. பின்னால் காத்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்.

"மயக்கமாக்கும். தண்ணி கொண்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில் ஒரு நல்ல மனிதர், என்னை வெறுங்காலோடு கொண்டுபோகக் கூடாதென்று, பூட்ஸை எடுத்துக் கவனமாக எல்லாப் பட்டைகளையும் இறுக்கி மாட்டிவிட்டார். வலது காலில்.

காரில் பெனிட்டா என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சொன்னேன்ல" என்றாள். 

6

நாகர்கோவிலில் பார்த்தது ஒரு லேடி டாக்டர். அமுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பூட்ஸ எதுக்குக் கழட்டுனீங்க?"

கிறிஸ்டல்தான் பதில் சொன்னாள். "சர்ச்சுக்க உள்ள எப்பிடி டாக்டர் அதோட…"

"சரி, வீட்டுல?"

"வீட்டுலயும்… தரை…"

"மாவுக்கட்டு போட்டு விட்டிருந்தா வாசல்ல கழட்டி வச்சிட்டு உள்ள போவாரா?"

அத்தான் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் டாக்டர். "அது ஷூ இல்ல. அவருக்க காலு. கால வாசல்ல வச்சிட்டு உள்ள போயிருக்கீங்க, எல்லாருமா சேந்து."

பிறகு என்னிடம் சொன்னார்: "அங்க உள்ள டாக்டர் சொன்னதுல தப்பில்ல. நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். ஒட்டிட்டுதான் வந்திருக்கு. இப்பம் முனையெல்லாம் நாரு நாராக் கிழிஞ்சு தூரப் போயிட்டு. இனி தைக்காம முடியாது."

வெளியே வந்ததும் அத்தானுக்குக் குரல் திரும்பிவிட்டது. "நான் அப்பமே சொன்னேன்லா, தைச்சிருக்கணும்னு." அவர் சொன்னது தடவ வேண்டும் என்று. 

தைத்தார்கள். ஷார்ஜா டாக்டர் சொன்ன மற்றப் பக்கமும் நடந்தது. தையலின் கீழ் முனை ஆறவில்லை. திறந்து, நீர் வடிந்து, சீழ் வைத்தது. சொந்தக் காலின் நாற்றத்தோடு ஒரே அறையில் தூங்குவது எப்படி என்று அப்போது கற்றுக்கொண்டேன். பெஷாவர்க்காரருடைய வியர்வை நாற்றம் அதற்கு முன்னால் சந்தனம். கிறிஸ்டல் தினமும் துணி மாற்றினாள். முகத்தைச் சுளிக்கவில்லை, அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது. சுண்டுவிரல் ஓரம் மரத்துப்போனது. இப்போதும் அங்கே எறும்பு கடித்தால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஆரஞ்சுகள் மறுபடி வந்தன. அதே ஆட்கள், அதே நாற்காலிகள். "கத்தி வச்சதுதான் தப்பு" என்றார்கள். "பூட்ஸே போட்டிருந்தா இன்னேரம் ஓடியிருப்பான்."

அன்றைக்குத்தான் எனக்கு வெறுத்துப்போனது. கால் மறுபடி அறுந்ததில் அல்ல, அழுகியதில் அல்ல. முதலில் தைக்காததைக் குறை சொன்ன வாயே தைத்ததையும் குறை சொல்லும்போது, அந்த வாய்க்கு என் காலைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பேச ஒரு கால் வேண்டும், அவ்வளவுதான்.

எனவே கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான். கத்தியும் சரிதான், பூட்ஸும் சரிதான். எது வேண்டுமென்பதை உங்கள் டாக்டர் உங்கள் காலைப் பார்த்துச் சொல்லட்டும். பூட்ஸ் என்று சொன்னால், அதை மாட்டிய நாளிலிருந்து அது தோலைப்போல. வீட்டுக்காரி சொன்னாலும், சபை சொன்னாலும், உங்கள் சொந்தக் கை தன்னையறியாமல் பட்டைக்குப் போனாலும், கழற்றாதீர்கள். டைல்ஸைத் துடைத்துக்கொள்ளலாம்.

7

விசா செத்துப்போகும் முன் திரும்பி வந்தேன். ஊர் பிசியோதெரபிஸ்ட் ஷூவுக்குள் குதியில் வைக்க ஒரு துண்டு கொடுத்திருந்தார். அது இல்லாமல் நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த ஷூவோடுதான் யார்டுக்குப் போனேன். அந்த ஷூவோடுதான் திரும்பி நடந்துகொண்டிருந்தேன்.

லாரி வரிசை முடியும் இடத்தில் பெனிட்டா போன் செய்தாள்.

"என்னப்பா ஆச்சு? பாஸா?"

"இல்ல மக்களே."

"ஓ." என்றாள். "நான் ஒண்ணு படிச்சேன்பா. சர்ஜரி பண்றதுக்கும் பண்ணாததுக்கும் பெருசா டிஃபரன்ஸ் இல்லையாம்."

"தெரியும். ரெண்டையும் போட்டுப் பாத்தாச்சுல்லா?"

அவள் சிரித்தாள். சிரித்ததற்காக வருத்தப்பட்டதும் கேட்டது. "ஊருக்கு வந்திருங்களேன்பா."

"வந்து?"

  கிளாஸ் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். கிளாஸ் இருந்திருக்கலாம்.

அறைக்குப் போனபோது ஸ்டீபன் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். ஹெல்மெட்டை என் கையிலிருந்து வாங்கி, கவிழ்த்து, அதில் வெங்காயத்தைக் கொட்டினான்.

"சாப்பிடு மக்கா. எனக்க மச்சினன் ஒருத்தன் குதிக்க எடத்துல வேல பாக்கான். ஆளு வேணுமாம்."

"குதிக்க எடமா?"

"மாலுக்க உள்ள. ரப்பர் தரை போட்டிருக்கும். பைசா குடுத்து உள்ள கேறி குதிப்பாவ."

"எதுக்குலே?"

"சும்மாதான். குதிக்கதுக்கு."

நான் சாப்பிடுவதை நிறுத்தி அவனைப் பார்த்தேன். அவன் மீனைத் திருப்பிப் போட்டான்.

மறுநாள் காலையில் போனேன். குளிரூட்டிய பெரிய கூடம், தரையெல்லாம் கறுப்பு ரப்பர், அது மேலும் கீழும் அசைந்தது. வாசலில் ஒரு மஞ்சள் கோடு. அதற்கு இந்தப் பக்கம் அலமாரி. வருகிறவர்களின் ஷூவை வாங்கி வைத்து, காலுறை கொடுத்து, மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்புவதுதான் வேலை என்றாள் சூப்பர்வைசர், ஒரு பிலிப்பினோ பெண். கோட்டுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் ஷூ கிடையாது. வேலைக்காரர்களுக்கும் கிடையாது. ஒரு ஜோடி காலுறையை நீட்டி என் ஷூவைக் காட்டினாள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். கை தானாகக் குனிந்து கயிற்றைப் பிடித்தது. முடிச்சு பாதி அவிழ்ந்துவிட்டது.

பிடித்த கையைப் பார்த்தேன். எடுத்துவிட்டேன்.

"நோ" என்றேன்.

"ரூல், சார்."

"திஸ் நோ ஷூ." பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, சுண்டுவிரல் தடிமனில் இருக்கும் தழும்பைக் காட்டினேன். "திஸ் லெக்."

அவள் குனிந்து பார்த்தாள். விரலை வைத்து அமுக்கவில்லை. உள்ளே போய், ஆஸ்பத்திரியில் பார்க்கிற நீல பிளாஸ்டிக் உறை இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஷூவின் மேலேயே மாட்டிக்கொண்டு, முடிச்சை மறுபடி இறுக்கிவிட்டு, அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன்.

முதலில் வந்தவர் என் வயதுக்காரர். தொப்பை, கையில் சின்ன மகள். குதிக்கப் போவது அவரும்தான் என்று முகத்தில் தெரிந்தது. ஷூவைக் காட்டி, கழற்றுங்கள் என்றேன். மூச்சு வாங்கக் குனிந்து கழற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். உள்ளே இன்னும் சூடாக இருந்தது. அதை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் கை நீட்டினேன்.